மீன் குறையும் மாதங்களில் எந்தக் கறி?
வான்கோழி, மாட்டிறைச்சி, சோயா – கடலோர இல்லங்களுக்கு ஒரு கணக்கு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், வள்ளியாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ள மீனவர் ஊர் கடியப்பட்டணம். ஒரு பக்கம் முட்டம், மறுபக்கம் மணவாளக்குறிச்சி. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வூர் அடுக்களைகளில் இன்றைக்கு என்ன கறி என்ற கேள்விக்கே இடமில்லை. சாளை, அயிலை, நெத்தோலி, கணவாய் என்று கடல் எதைத் தருகிறதோ அதுவே கறி. உடன் மரச்சீனிக் கிழங்கு இருந்தால் வேறொன்றும் வேண்டுவதில்லை.

கேள்வி எழுவது வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி நடுப்பகுதி வரைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கட்டுமரத்திற்கும் நாட்டு வள்ளத்திற்கும் தடை இல்லை என்றாலும், பல நாட்கள் அலையே அவற்றைக் கரையில் நிறுத்திவிடுகிறது. மீன் குறைகிறது, கிடைக்கும் மீனின் விலை ஏறுகிறது, வீட்டு வருமானமும் அதே நேரத்தில் இறங்குகிறது. எனவே இந்த இரண்டு மாதங்களில் கறிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டிய ரூபாய்.

வழக்கமாக இந்நாட்களில் குளச்சல், திங்கள்சந்தைப் பக்கமிருந்து கோழியும் மாட்டிறைச்சியும் வரும். மளிகைக் கடையிலிருந்து மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டை வரும். அண்மைக் காலத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் இரண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று, அங்குள்ள கடைகளில் உறைநிலைப் பொட்டலமாகக் கிடைக்கும் வான்கோழிக் கொத்துக்கறி. மற்றொன்று, பயறு வகைகளிலிருந்து ஆலையில் செய்யப்படும் ‘செடி இறைச்சி’. “மாட்டிறைச்சியை விட்டு வான்கோழிக்கு மாறினால் கொழுப்பு குறையும், நெஞ்சுக்கு நல்லது” என்ற அறிவுரையும் பொட்டலத்தோடு கூடவே வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த அறிவுரை அமெரிக்காவில் பிறந்தது. பிறந்த இடத்தில் அது பெரும்பாலும் சரியே. கடியப்பட்டணத்துக் கறிச்சட்டிக்கு அது அப்படியே பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எதை உண்பது, எதை விலக்குவது என்பது அவரவர் வீட்டு வழக்கம். இங்கு பேசப்படுவது சத்தும் செலவும் மட்டுமே.

கொழுப்பு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் அன்றாடம் விற்கும் மாட்டுக் கொத்துக்கறியில் நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு இருப்பது சாதாரணம். தானியம் தின்று, உடல் அசையாமல், விரைவில் கொழுக்க வைக்கப்பட்ட இளம் மாடுகளின் இறைச்சி அது. 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 17 கிராம். எரிசக்தி 250 கலோரிக்கு மேல். அதற்கு மாற்றாக, நூற்றுக்கு 7 பங்கு கொழுப்புள்ள வான்கோழிக் கொத்துக்கறியை எடுத்தால் எரிசக்தி 150 கலோரி அளவுக்கு இறங்கிவிடும். அந்நாட்டு மருத்துவர்கள் மாறச் சொல்வதில் வியப்பில்லை.

நம் ஊர் மாட்டிறைச்சி வேறு. பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த காளை, கறவை வற்றிய எருமை இவற்றின் இறைச்சி. வைக்கோலும் புல்லும் தின்று நடந்து திரிந்த உடம்பில் கொழுப்பு படிய வழியில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் மாட்டுத் தசைக்குக் கொடுக்கப்பட்டுள்ள அளவு: 100 கிராமில் புரதம் 22.6 கிராம், கொழுப்பு 2.6 கிராம், எரிசக்தி 114 கலோரி. அதாவது, அமெரிக்கர் தேடிப் போகும் வான்கோழிக் கொத்துக்கறியை விடவும் நம் ஊர் மாட்டின் தசையில் கொழுப்பு குறைவு. மெல்லச் சற்று வலுவாக இருக்கும். அது வேறு விஷயம்.

வான்கோழிக் கொத்துக்கறி என்ற பெயர் மட்டுமே கொழுப்புக் குறைவுக்கு உறுதியாகாது. நெஞ்சுத் தசையை மட்டும் கொத்தினால் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குதான். தொடைக்கறியும் தோலும் சேர்த்துக் கொத்தினால் அது 15 பங்கு வரை போகும். பொட்டலத்தின் முன்பக்கம் உள்ள பறவைப் படத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பின்பக்கம் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் கறிச்சட்டியில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? அரைக் கிலோ கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியில் உள்ள கொழுப்பு 13 கிராம். வறுத்தரைக்க எடுக்கும் 100 கிராம் தேங்காய்த் துருவலில் 35 முதல் 40 கிராம். தாளிக்கவும் பிரட்டவும் ஊற்றும் மூன்று பெரிய கரண்டி தேங்காய் எண்ணெயில் இன்னும் 40 கிராம். தேங்காய்க் கொத்து வேறு அரிந்து போட்டால் அதையும் கூட்டிக் கொள்ளலாம். இறைச்சியை மாற்றி, எண்ணெயை மாற்றாமல் இருப்பவர்களுக்கு வான்கோழியால் ஒரு நன்மையும் இல்லை. தேங்காய் எண்ணெய்க் கொழுப்பில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிறைவுற்ற வகை என்பதையும், இரத்தக் கொழுப்பு கூடியவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான் என்பதையும் தேங்காய் விளையும் நாட்டில் சொல்வது கடினம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மீன் தந்தவை எவை?

இரண்டு மாதம் மீன் குறையும்போது உணவிலிருந்து குறைவது புரதம் மட்டுமன்று. சாளை, அயிலை போன்ற மீன்களில் இதயத்திற்கும் மூளைக்கும் வேண்டிய ஒமேகா-3 வகைக் கொழுப்பு இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்தோலியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இரத்தம் ஊறத் தேவையான பி-12 வைட்டமின் இருக்கிறது. பதிலாக வரும் கறி இவற்றில் எதைத் தரும், எதைத் தராது என்பதே சரியான கேள்வி.

புரதத்தைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு. எலும்பில்லாத வான்கோழியோ மாட்டிறைச்சியோ 100 கிராம் உண்டால் 20 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். மீதியைச் சோறும் பயறும் பாலும் தரும்.

ஒமேகா-3 விஷயத்தில் மூன்றுமே மீனுக்கு ஈடாகா. எனவே தடைக் காலத்திலும் வாரம் ஒரிரு நாளாவது, கரைமடியிலோ நாட்டு வள்ளத்திலோ வரும் சிறு மீனை வாங்குவது நல்லது. கருவாடு வைத்திருப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்து, உப்பை இறக்கிய பிறகு பயன்படுத்த வேண்டும். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

இரத்தச் சோகையும் இறைச்சியும்

உண்மையில் கவலைப்பட வேண்டியது இரும்புச் சத்தைப் பற்றி. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். வீட்டில் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர் கடைசியாக உண்கிறார் என்பதையும், சட்டியில் அப்போது மிஞ்சியிருப்பது குழம்பு மட்டுமே என்பதையும் எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

மாட்டிறைச்சியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வான்கோழியில் அதைவிடக் குறைவு. தொடைக்கறியில் சற்றுக் கூடுதல், நெஞ்சுக்கறியில் மிகக் குறைவு. சோயாவில் காகிதக் கணக்குப்படி இவ்விரண்டையும் விட மிக அதிகம். ஆனால் சோயாவிலும் பயறுகளிலும் உள்ள இரும்பை உடல் சிறிதளவே ஏற்கும். பைட்டேட் என்னும் பொருள் அதைக் கட்டிப்போடுகிறது. இறைச்சியின் சிவப்பு நிறத்தில் உள்ள இரும்பு எளிதில் சேரும்.

இங்கே அடுக்களைக்குப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. சிறிதளவு இறைச்சி, அது மாடானாலும் கோழியானாலும் மீனானாலும், பயற்றோடும் கீரையோடும் ஒரே வேளையில் உண்ணப்படும்போது, அந்தப் பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பும் கூடுதலாக உடலில் சேர்கிறது. ஆகவே ஒரு நாள் ஒரு கிலோ இறைச்சி வாங்கி விருந்தாக உண்பதைவிட, கால் கிலோ வீதம் நான்கு நாட்கள் காணம், சிறுபயறு, முருங்கைக் கீரை இவற்றோடு சேர்ப்பது மேல். மேலே எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. உண்டவுடன் கட்டஞ்சாயா குடிக்கும் வழக்கம் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த இரும்பை வெளியே தள்ளிவிடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

மாட்டிறைச்சியை அளவில்லாமல் உண்ணலாம் என்று இதற்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், சிவப்பு இறைச்சி உண்டாக்கக் கூடும் என்றும் வகைப்படுத்தியது. வெந்த எடையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்குள் சிவப்பு இறைச்சியை நிறுத்துவது நல்லது என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் கருத்து. கடலோர வீடுகளில் பலர் இந்த எல்லையை எட்டுவதே இல்லை.

சோயா உருண்டையும் செடி இறைச்சியும்

சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் வழியே பிதுக்கி எடுப்பதே சோயா உருண்டை. உலர்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். செலவைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஒரு கிலோ உருண்டையில் 500 கிராம் புரதம். எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சியில் 200 கிராம். கடை விலையை இவற்றால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது வாங்குகிறவருக்கே தெரிந்துவிடும். எலும்போடு வாங்கும்போது எலும்பின் எடையைக் கழித்துக் கணக்கிட மறக்கக் கூடாது. எந்த ஊர்க் கடையிலும் சோயாவை இக்கணக்கில் வெல்வது அரிது. அதில் பி-12 இல்லை என்பதே குறை. பாலோ முட்டையோ மீனோ வாரத்தில் சில நாட்கள் இருந்தால் அக்குறை நீங்கும்.

செடி இறைச்சி என்பது சோயா உருண்டையின் பணக்கார உறவினர். பட்டாணி அல்லது சோயாப் புரதத்தோடு எண்ணெய், நிறம், மணம் சேர்த்து, கொத்துக்கறியைப் போலவே தோன்றும்படி செய்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு வகையில், அறுத்தால் இரத்தம்போல் சிவப்பு கசியும். இந்தச் சிவப்பின் மூலம் விவசாயிகளுக்குப் புதியதன்று. தட்டைப்பயறு அல்லது நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சு நன்றாக வேலை செய்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். லெக்ஹீமோகுளோபின் என்னும் அந்தப் பொருளைத்தான், சோயா வேரின் மரபணுவை ஈஸ்டில் புகுத்தி, ஆலையில் உண்டாக்கி இறைச்சி நிறத்திற்குச் சேர்க்கிறார்கள்.

நன்மை இல்லாமல் இல்லை. 2020-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 36 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், 8 வாரம் செடி இறைச்சி உண்டபோது, இறைச்சி உண்ட 8 வாரத்தைக் காட்டிலும் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. அப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிதியுதவியோடு நடந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உப்புதான் உறுத்துகிறது. 113 கிராம் எடையுள்ள ஒரு வில்லையில் 350 முதல் 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. உப்பிடாத மாட்டிறைச்சியில் அதே எடைக்கு 75 அளவுதான். இறைச்சிக் கொழுப்பு போலக் கெட்டியாக இருப்பதற்காகப் பல வகைகளில் சேர்க்கப்படுவது எது என்று பார்த்தால், நம் தேங்காய் எண்ணெய்! மலிவான சோயா உருண்டையில் இந்த உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை.

இடிச்சக்கையையும் வெளிநாடுகளில் இறைச்சிக்கு மாற்றாக விற்கிறார்கள். மசாலாவில் பிரட்டினால் நார்நாராகக் கறிபோல்தான் இருக்கும். நார்ச்சத்துக்கு நல்லது. ஆனால் 100 கிராமில் புரதம் 2 அல்லது 3 கிராமுக்கு மேல் இல்லை. சக்கைத் துவரன் வைக்கும் நாளில் பக்கத்தில் பயறோ முட்டையோ இருக்க வேண்டும்.

கலந்து செய்யும் கொத்துக்கறி

மூன்றையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒன்றாக்குவதே சிக்கனமான வழி. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்குக் கால் கிலோ கொத்துக்கறி (மாடோ, வான்கோழியோ) போதும். அதனுடன் 50 கிராம் சோயாக் குருணையை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து சேர்க்க வேண்டும். ஊறியபின் அது 150 கிராம் அளவுக்கு வந்துவிடும். இறைச்சியில் 50 கிராம், சோயாவில் 25 கிராம், ஆக 75 கிராம் புரதம். தலைக்கு 15 கிராம். சின்ன உள்ளி, இஞ்சி, நல்லமிளகு, கறிவேப்பிலை வழக்கம்போல். எண்ணெய் ஒரு கரண்டி போதும். வான்கோழி நெஞ்சுக்கறி கொழுப்பில்லாததால் வெந்ததும் வறண்டு சக்கையாகிவிடும் என்று குறை கூறுவோர் உண்டு. ஊறிய சோயா ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இக்கலவையில் அந்தக் குறை தெரிவதில்லை. கட்லெட் செய்கிறவர்கள் எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிடத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பி எடுக்கலாம்.

கொத்துக்கறியில் ஓர் ஆபத்து உண்டு. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே எங்கும் கலந்துவிடும். ஏற்கெனவே கொத்தி வைத்ததை வாங்கக் கூடாது. “அண்ணாச்சி, தோல் வேண்டாம், எனக்க கண்ணு முன்னால கொத்தித் தாருங்க” என்று கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாங்கிய அன்றே சமைக்க வேண்டும். குளிர்பெட்டி இருந்தாலும் இரண்டாம் நாளைத் தாண்டக் கூடாது. கறியின் நடுப்பகுதி மாட்டிறைச்சியானால் 71, வான்கோழியானால் 74 டிகிரி சென்டிகிரேடு சூட்டை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், குழம்பு தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் 15 முதல் 20 நிமிடம் விட்டால் கவலையில்லை.

வீட்டில் வான்கோழி

உறைநிலைப் பொட்டலத்தை விலை கொடுத்து வாங்குவதைவிட, இடமுள்ளவர்கள் நான்கைந்து வான்கோழிகளை வளர்ப்பது பொருத்தம். மெக்சிகோவில் வீட்டுப் பறவையாக்கப்பட்ட வான்கோழி, கடல் வழியே வந்தது. 1612-ல் கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒன்றைக் கண்டு வியந்த பேரரசர் ஜஹாங்கீர், ஓவியர் மன்சூரைக் கொண்டு அதை வரைய வைத்தார். இன்று தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்திற்கு ஏற்றதாக நந்தனம் வான்கோழி-1 என்ற இனம் இருக்கிறது. நாட்டுக் கருப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்ற அயல் இனத்தையும் கலந்து உருவாக்கப்பட்டது அது.

கடற்கரையை ஒட்டி வீடுகள் நெருங்கிய பகுதிக்கு இது ஒத்துவராது. உள்ளே தென்னந்தோப்பு உள்ளவர்களுக்கே ஏற்றது. இரவில் அடைக்க ஒரு பறவைக்கு 3 முதல் 4 சதுர அடி போதும். பகலில் தோப்பில் மேயும். வளர்ந்த பறவைகளுக்குத் தீனியில் பாதி வரை பசுந்தீவனமாகவே கொடுக்கலாம். 20 வாரத்தில் பெட்டை 4.5 முதல் 5 கிலோ, சேவல் 7 முதல் 8 கிலோ வரும்.

சிக்கல் முதல் மூன்று வாரத்தில்தான். வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. தீனி முன்னால் இருக்கப் பட்டினியால் சாகும். முதல் 15 நாட்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்தும், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை வீதமும் கொடுத்துப் பழக்க வேண்டும். தீனித் தட்டில் நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால் அதைக் கொத்த வந்து தீனியைக் கண்டுகொள்ளும். நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்க்கக் கூடாது. கோழிக்குத் தீங்கு செய்யாத கருந்தலை நோய் வான்கோழியைக் கொன்றுவிடும்.

மீனவர் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு 28 பங்கு புரதம் வேண்டும் என்றதும் கருவாட்டுக் கழிவு நினைவுக்கு வரும். உப்பேறிய கழிவைக் குஞ்சுக்குப் போட்டால் உடம்பில் நீர் கோத்துச் செத்துப்போகும். உப்பிடாத மீன் தூளைத் தீனியில் சிறிதளவு சேர்க்கலாம். ஆனால் அறுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் கறியில் மீன் வாடை அடிக்கும்.

ஐந்து கிலோப் பறவை ஒரு வீட்டிற்கு ஒரு நேரத்தில் மிகுதி. ஊரில் மீனைக் கூறு வைப்பதுபோல மூன்று வீட்டார் சேர்ந்து கூறு வைத்துக் கொண்டால், குளிர்பெட்டியும் வேண்டாம், விரயமும் இல்லை. தடைக் காலத்திற்குப் பறவை தயாராக வேண்டுமானால் தை மாதத்திலேயே குஞ்சு இறக்கிவிட வேண்டும். நினைத்தபோது குஞ்சு கிடைப்பதில்லை. எனவே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்து, கார்த்திகையிலேயே பதிவு செய்து வைக்கலாம். வெள்ளைக்கழிச்சல், அம்மைத் தடுப்பூசிகள் போட வேண்டிய நாட்களையும் அங்கேயே குறித்து வாங்கிக் கொள்ள வேண்டும்.